ஜெபசிங் வீட்டுக் கம்ப்யூட்டர்

ஞானபாக்கியம்: ...சுவிட்சப் போட்டுட்டுப் போயி, அரிசி களைஞ்சு உலையில போட்டு, சோறு வடிச்சிட்டு வந்து பாக்கேன், அந்த வட்டம் அப்பவும் சுத்திக்கிட்டேதான் நிக்கி.

துரை: எத்தினி நாளா இப்டி கீதும்மா?

ஞானபாக்கியம்: ஒரு வாரம் இருக்கும். ஏட்டி மகிமா, ஒரு வாரம் இருக்குமா?

மகிமா: பத்து நாள்.

ஞானபாக்கியம்: பத்து நாளாம். மகளுக்குக் கல்யாணம்னு தெரிஞ்சுதான் மக்கர் பண்ணுது போல. எண்ணூறு பத்திரிகை, எண்ணூறு விலாசம். பாதிதான் அடிச்சிருக்கு. கடைக் கம்ப்யூட்டர்ல அடிப்போம்னா, நைட்டி சீசன், பில்லு போட்டு முடியலங்காக இவுக அப்பா.

துரை: கடையில கீறது நல்லா ஓடுதும்மா. அத்த நான்தான் பாத்துகினு கீறேன்.

ஞானபாக்கியம்: அதான சொன்னாக. 'நம்ம கம்ப்யூட்டர் துரை வருவான், காட்டிவிடு'ன்னு சொல்லிட்டுத்தான் கடைக்குப் போனாக. வீட்டுக்கு இப்பதான் முத தடவ வார. வழி கேட்டுத்தான வந்த?

துரை: ...ம். கேட்டுகினுதான் வந்தேன். டப்பாவ தொறந்து பாத்துர்றேன் இரு... அய்ய. இன்னாம்மா இது, உள்ள ஒரு லோடு மண்ணு கீது!

ஞானபாக்கியம்: கன்டெய்னர் லாரி ராப்பகலா போகுதுல்லா. தண்டையார்பேட்டையில சன்னலத் தொறந்து வச்சு யாரு குடும்பம் நடத்துதா? மாவு அரிச்சு வச்சாலும் மேல கருப்பா படியுது.

துரை: தோ, இந்த ஃபேன பாருங்க. சுத்த முடியாம கெடக்குது. ஒரு பிரஷ் இருந்தா குடும்மா. பெயிண்ட் பிரஷ் கூட ஓகேதான்.

ஞானபாக்கியம்: ஏட்டி, எடுத்துக் குடு. குடுத்துட்டு இங்கயே நில்லு.

மகிமா: நான் எதுக்கும்மா?

ஞானபாக்கியம்: நில்லுன்னா நில்லு. நல்ல சாமானக் கழத்திட்டு ஓட்டைய மாட்டிருவானுவளாம், உங்க சித்தப்பா சொன்னாக.

துரை: காது நல்லா கேக்குதும்மா எனக்கு.

ஞானபாக்கியம்: ஐயோ, உன்னச் சொல்லல தம்பி. பொதுவாச் சொன்னேன். காப்பி குடிக்கியா? ஏட்டி, அந்தப் பேப்பர் கப்பு எங்க கெடக்கு?

மகிமா: டம்ளர் இருக்குல்லா?

ஞானபாக்கியம்: பேப்பர் கப்ப எடுன்னேன்.

துரை: காப்பிலாம் வாணாம்மா. வெயில்ல வந்துகீறேன். தண்ணி இருந்தா போதும்.

ஞானபாக்கியம்: தண்ணியையும் அதுலயே குடு, மகிமா. நான் அடுப்பப் பாக்கேன். முந்திரிக்கொத்துக்குப் பாகு வச்சிருக்கேன், விட்டா முறுகிரும்.

மகிமா: ...தண்ணி.

துரை: வச்சிடு.

மகிமா: கோச்சுக்காதீங்க. அவங்க எல்லாருக்கும்...

துரை: எல்லாருக்குமா?

மகிமா: ...இல்ல. எல்லாருக்கும் இல்ல.

துரை: வுடு. நமக்கு வேல ஆவணும். தூசி போச்சு. உள்ள கீற ரேம் கார்ட கய்ட்டி ரப்பர் போட்டு தேச்சுட்டேன். இப்ப போடு சுவிட்ச.

மகிமா: போட்டாச்சு.

துரை: தோ... லைட்டு வந்திச்சு. ஃபேனு சுத்துது. வந்துடும்.

மகிமா: வராது.

துரை: இன்னாமா நீ, போட்டு ஒரு நிமிசம்கூட ஆவல, வராதுன்ற?

மகிமா: பாருங்க.

துரை: ...

மகிமா: ...

துரை: சுத்துது, சுத்துது, சுத்திகினே கீது. அட, பேஜாரு புட்ச்ச மிசினு. தூசியில்ல இது. டிஸ்க் போயிருந்தா 'டக்கு டக்கு'ன்னு சத்தம் வரும், அதும் இல்ல. வைரஸ் எதுனா பூந்துகிச்சா?

ஞானபாக்கியம்: என்னட்டி, சத்தத்தையே காணும்? சரியாயிட்டா?

மகிமா: வட்டம் சுத்துதும்மா!

ஞானபாக்கியம்: கீழ பந்தல்காரன் வந்து கத்துதான். நான் போயி எங்க கால் நடணும்னு காட்டிட்டு வாரேன். நீ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாத. அடுப்ப அணைச்சிட்டேன்.

மகிமா: சரி.

ஞானபாக்கியம்: தம்பி, மூணு மணிக்குள்ள முடிச்சிருவியாப்பா? நாளைக்குக் கோயில்ல மூணாம் ஓலை வாசிக்காவ. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை சொல்லுதவுக யாரும் உண்டான்னு மூணு ஞாயிறு கேப்பாக. நாளையோட முடிஞ்சிது. அதுக்குள்ள பத்திரிகையத் தபால்ல சேக்கணும்.

துரை: முட்ச்சிடலாம்மா.

மகிமா: ...போயிட்டாங்க.

துரை: போகட்டும். தோ, ஒருவழியா தொறந்துகிச்சு. சுவிட்சு போட்டதும் எதெது தானா கெளம்புதுன்னு பாப்போம். எல்லாரும் ஒண்ணா வாசல்ல முட்டிகினு நின்னா எவன் உள்ள வர முடியும்? ...அடேங்கப்பா! கேரம் கேம்ஸ், கார் கேம்ஸ், சீட்டு கேம்ஸ். பைபிளு. பாட்டு. ஃபோட்டோ ஆல்பம். வீடியோ வெட்டுறது. பில்லு போடுறது. டைப்பிங். சுவிட்ச போட்டா ஒம்பது எயுந்து நிக்கிது! எவன் போட்டான் இத்தெல்லாம்?

மகிமா: நான்.

துரை: இன்னா?

மகிமா: ஒம்பதும் நான்தான் போட்டேன். சுவிட்சு போட்டதும் பாட்டு தானா வர்றதுக்கு ஒரு ஃபோல்டர் இருக்குன்னு ஒருத்தன் காட்டிக்குடுத்தான். அதுல கைக்குக் கெடச்சத எல்லாம் தூக்கிப் போட்டேன். பத்து நாள் முன்னாடி.

துரை: உன் கல்யாணத்துக்கு விலாசம் அடிக்கிற மிசின நீயே கெடுத்தியா? வெளயாட்டா?

மகிமா: முழுசாக் கெடுத்தா அப்பா புதுசு வாங்கிருவாங்க. மெதுவாப் போனாத்தான் ஆளக் கூப்புடுவாங்க. கடைக்கு வர்ற ஆளத்தான் கூப்புடுவாங்க. நீங்க தீனாவோட அண்ணன்தான?

துரை: எந்த தீனா?

மகிமா: அண்ணே, எங்கம்மா எப்ப மேல வருவாங்கன்னு தெரியாது. எந்த தீனான்னு கேட்டு நேரத்தப் போக்காதீங்க. போன வருசம் கடையில பிரிண்டர் ஓடலன்னு, உங்களுக்குக் காய்ச்சல்னு உங்க பதிலுக்கு ஒருத்தன் வந்தான்ல? அன்னைக்கு அப்பா சரக்கெடுக்கப் போயிருந்தாங்க, கல்லாவுல நான்தான் இருந்தேன். அந்த தீனா.

துரை: உங்கப்பாவுக்கு அவன் யார்னு...

மகிமா: தெரியாது. நீங்க அவனுக்கு அண்ணன்னும் தெரியாது. அவங்களுக்கு நீங்க கம்ப்யூட்டர் துரை, அவன் எம்.கே.பி. நகர் பையன். அதுக்கு மேல அவங்க விசாரிக்கல. எப்படி இருக்கான்?

துரை: ...கீறான்.

மகிமா: உயிரோட இருக்கான்ல?

துரை: உயிரோடதான் கீறான். அய்வாத. அய்தா உங்கம்மா மூஞ்சியப் பாத்தே கண்டுபுட்ச்சிடுவாங்க.

மகிமா: இருவத்தஞ்சு நாள்ணே. சித்தப்பா நாலு பேரக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்து, கை கழுவிட்டு, சாப்புட உக்காந்தாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். போனப் புடுங்கிட்டாங்க, கம்ப்யூட்டர்ல நெட்டயும் நிறுத்திட்டாங்க. வாசலத் தாண்ட விடல. யார்ட்ட போயி கேக்க? எங்கயாவது சாவு மேளம் கேட்டாக் கூட, அவனுக்கோன்னு...

துரை: சோத்துக்கை ரெண்டு எடத்துல ஒட்ஞ்சிகீது. மாவுக்கட்டு. விலாவுல அடி. படுத்தா எய முடியல, எய்ந்தா படுக்க முடியல. எங்கம்மாதான் ஊட்டி வுடுது.

மகிமா: போலீசுக்குப் போகலையா?

துரை: கெளம்பினேன். எங்கம்மா வாசப்படியில குறுக்க படுத்துகிச்சு. 'ஒருத்தனாவது முய்சா இருங்கடா'ன்னு.

மகிமா: அதுக்கப்புறமும் எப்படிண்ணே எங்க வீட்டுக்கு வந்தீங்க?

துரை: வராம இருந்தா உங்கப்பாவுக்கு சந்தேகம் வரும். அப்பால... உன்ன ஒரு தபா பாக்கணும்னு இருந்துச்சு. எப்டியாப்பட்ட பொண்ணுன்னு.

மகிமா: என்ன சொல்றான் அவன்? என்னப் பத்தி?

துரை: ஒண்ணும் சொல்லல.

மகிமா: ஒண்ணுமேயா?

துரை: வுடும்மா. அவன் ஒடம்பு தேறட்டும். உனக்கும் நல்ல எடம் அமஞ்சிகீது...

மகிமா: அண்ணே. சொல்லுங்க.

துரை: உன் பேர எட்த்தாலே கண்ண மூடிக்கிறான்.

மகிமா: ஏன்?

துரை: நீதான் குட்தன்னு நெனச்சிகினு கீறான்.

மகிமா: எத?

துரை: நீங்க ரெண்டு பேரும் எய்திகினத. மெயில்ல போட்டது அத்தினியும் காயிதமா அடிச்சு எட்த்தாந்து அவன் மூஞ்சியில வீசினாங்களாம். 'அவளே எடுத்துக் குடுத்துட்டாடா'ன்னு உங்க சித்தப்பா சொன்னாராம். 'அடிச்சது கூட வலிக்கலண்ணா, அவளே குட்தாளாமே'ன்னான். ஒரே ஒரு தபாதான் சொன்னான். அதுலேர்ந்து யார்கிட்டயும் வாயே தொறக்கல.

மகிமா: நான் குடுக்கல. நான் குடுக்கலண்ணே! அம்மா என் போன தினமும் வாங்கிப் பாப்பாங்கன்னுதான் இந்தக் கம்ப்யூட்டர்லயே எழுதுவேன். எழுதி முடிச்சா உடனே மூடிருவேன். பாஸ்வேர்ட எங்கயும் எழுதி வைக்கல. அப்பா என் முன்னாடி கத்தையாப் போட்டப்ப எனக்கே புரியல. ஒரு சமயம்... உங்க தம்பிதான் யார்ட்டயாவது பெருமைக்குக் காட்டிட்டானோன்னு கூட நெனச்சேன்.

துரை: அவன் அப்டியாப்பட்டவன் இல்ல.

மகிமா: நானும் அப்டிப்பட்டவ இல்ல.

துரை: ...சரி. இந்த ஒம்பதையும் நிப்பாட்டிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா போதும், ஜோரா வந்துடும். கீபோர்ட தள்ளு.

மகிமா: இருங்க.

துரை: உங்கம்மா வந்துருவாங்க.

மகிமா: இருங்கண்ணே. அந்த லிஸ்ட்ட மூடாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு.

துரை: எங்க?

மகிமா: கடைசியில. மூணு எழுத்து போட்டு. நான் போட்டது ஒம்பது, இங்க பத்து இருக்கு.

துரை: அது விண்டோஸோடது. அத்த தொடக் கூடாது.

மகிமா: ஒம்பதயும் வாய்விட்டுப் படிச்சீங்க. இத மட்டும் படிக்கல.

துரை: அது கம்பெனிக்காரன் வச்சதும்மா. உனக்கு இன்னா புரியப் போவுது...

மகிமா: புரியும்படி சொல்லுங்க. என்னண்ணே அது?

துரை: ஸ்கிரீன போட்டோ புடிக்கிறது.

மகிமா: எந்த ஸ்கிரீன?

துரை: இத்ததான். நீ எத்த தொறந்தாலும், எத்த டைப் அட்ச்சாலும், நிமிசத்துக்கு ஒண்ணு எட்த்து அனுப்பிடும். எவன் மெயிலு குட்துகீறானோ அவனுக்கு.

மகிமா: அப்பாவுக்கு.

துரை: இருக்கும்.

மகிமா: எல்லாமே போயிருக்குமா?

துரை: எல்லாம்.

மகிமா: எழுதிட்டு, வேண்டாம்னு அனுப்பாம அழிச்சது...?

துரை: அதும் போய்கீது.

மகிமா: கர்த்தாவே. அவனுக்கே நான் காட்டாதத எல்லாம் அப்பா உக்காந்து படிச்சிருக்காங்க. படிச்சிட்டு, அதே கையால எனக்கு மீன் முள்ளு எடுத்து வச்சிருக்காங்க.

துரை: பொண்ணப் பெத்தவரு... பயந்திருப்பாரு.

மகிமா: யாரு போட்டது இத?

துரை: எனக்கு எப்டிம்மா தெரியும்? இப்பல்லாம் தெருவுக்கு நாலு கடை கீது. எவனாச்சும் போட்டுக் குட்திருப்பான்.

மகிமா: எவனோ ஒருத்தன். சரி, எவனா வேணா இருக்கட்டும். அவனத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகுது? நல்லதாப் போச்சு.

துரை: நல்லதா?

மகிமா: ஆமாண்ணே. இப்ப தெரிஞ்சிருச்சுல்ல, நான் குடுக்கலன்னு? உங்க கண்ணாலயே பாத்துட்டீங்கல்ல? இத உங்க போன்ல படம் எடுத்துட்டுப் போயி தீனாகிட்ட காட்டுங்க.

துரை: வாணாம்மா.

மகிமா: ஏன்?

துரை: அவன் இப்ப கீற நெலமையில... தெரிஞ்சா எய்ந்து ஓடியாந்துடுவான். உங்க ஆளுங்க மிச்ச கையையும் ஒட்ச்சிடுவாங்க.

மகிமா: அவன் வரவேண்டாம். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி நான் கேக்கல. வந்தா கொன்னுருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் அந்த தூத்துக்குடிக்காரரத்தான் கட்டிக்கப் போறேன். பொறந்தநாளுக்கு சேலை வாங்கித் தருவாரு, ஊர்ல பெரிய வீடு, எல்லாம் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதாண்ணே. நான் குடுக்கலன்னு அவனுக்குத் தெரியணும். அவ்ளோதான்.

துரை: சொல்றேன். ஒரு நாள் பாத்து சொல்றேன்.

மகிமா: எப்ப?

துரை: கொஞ்சம் தேறட்டும்.

மகிமா: நாளைக்குக் கோயில்ல என் பேர வாசிக்கும்போது நான் பெஞ்சுல உக்காந்திருக்கணும். அந்த நேரத்துல ஒருத்தன் எம்.கே.பி. நகர்ல படுத்துக்கிட்டு 'பாவி, அடிக்கக் குடுத்துட்டு மாலை மாத்தப் போறா'ன்னு நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. என்னால தாங்க முடியாது. இப்ப போன் போடுங்க.

துரை: இப்பவா? இந்த வூட்டுல குந்திகினா?

மகிமா: அம்மா கேட்டா, ஒரு பார்ட்டுக்காகக் கடைக்குப் பேசுறேன்னு சொல்லுங்க.

துரை: அவன் போன எட்க்க மாட்டான்.

மகிமா: அண்ணன் போன எடுக்க மாட்டானா?

துரை: எட்த்தாலும் நம்ப மாட்டான்.

மகிமா: நீங்க சொன்னா நம்புவான். 'எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டான், அதனாலதான் தொழில்ல முன்னுக்கு வரல'ன்னு என்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கான் தெரியுமா?

துரை: ...அப்டியா சொன்னான்?

மகிமா: சிரிச்சுக்கிட்டே சொல்லுவான்.

துரை: நீயே பேசிடும்மா. நான் போட்டுத் தர்றேன்.

மகிமா: நான் 'ஹலோ'ன்னாலே கட் பண்ணிருவான். கட் பண்ணலன்னா, நான் அழுதுருவேன். அம்மாவுக்குக் கீழ வரைக்கும் கேக்கும். நீங்க சொல்லுங்க. நான் இங்க பக்கத்துல நிக்கிறேன். நீங்க சொல்றத என் காதால கேட்டாப் போதும்.

துரை: இத்த கேளு பாப்பா... சொல்றதுல ஒரு சிக்கல் கீது...

மகிமா: என்ன சிக்கல்? நான் குடுக்கல. அது உண்மை. சொல்ல என்ன? காலுல வேணா விழுறேண்ணே.

துரை: அய்யோ, எய்ந்திரு! எய்ந்திரும்மா, மொதல்ல. போட்றேன். தோ, போட்றேன்.

மகிமா: அடிக்குதா?

துரை: அடிக்குது.

மகிமா: எடுத்தானா?

துரை: இரு... ஆங், தீனா? நான்தான்டா. ...இல்ல, வெளிய ஒரு வேலையா வந்தேன். சாப்ட்டியா? ...அம்மா எங்க? ...சரி. ஒண்ணு சொல்லணும், கேளு. கட் பண்ணிடாத.

மகிமா: சொல்லுங்க.

துரை: அந்தப் பொண்ணு... டேய், டேய், இரு! வெய்க்காத. முய்சா கேட்டுட்டு வெய்யி. அந்தப் பொண்ணு குடுக்கலடா. ...ஆமா, மகிமாதான். அது குடுக்கல. அது மேல தப்பே இல்ல. ...சமாதானத்துக்கு சொல்லல. நெஜமா. என் கண்ணால பாத்தேன். அவங்க வூட்டு கம்ப்யூட்டர்ல ஒரு சாப்ட்வேர் போட்டு வச்சிகீறாங்க. எய்துறத எல்லாம் போட்டோ புட்ச்சி அவங்கப்பனுக்கு அனுப்பிகினே இருந்திருக்கு. அதுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாதுடா, பாவம்.

மகிமா: நம்புறானா?

துரை: ...டேய். அய்வாத. விலா வலிக்கும்டா. ...ஆமா, பக்கத்துலதான் நிக்கிது. ...சொல்றேன். ...சொல்றேன்டா. 'மன்னிச்சிக்க'ன்னு சொல்றான்மா.

மகிமா: அவன் எதுக்கு... வேண்டாம்னு சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாம். மருந்து ஒழுங்கா சாப்புடச் சொல்லுங்க.

ஞானபாக்கியம்: மகிமா! ஏட்டி, மேல ஏறி வாரேன், அந்தச் சொம்புல தண்ணி எடுத்து வை! தம்பி முடிச்சிட்டானா?

மகிமா: ஆச்சும்மா! ...போதும்ணே. தெரிஞ்சிருச்சுல்ல அவனுக்கு, போதும். வச்சிருங்க, அம்மா வர்றாங்க.

துரை: இரும்மா, ஏதோ கேக்குறான். ...இன்னாடா? ...அவங்கப்பனா? அவருக்கு மவுசு கூட புடிக்கத் தெரியாது. ...

மகிமா: அண்ணே, வச்சிருங்க.

துரை: ...யாரு போட்டாங்களா? ...

மகிமா: எவனோ கடைக்காரன்னு சொல்லிட்டு வையுங்க, சீக்கிரம்!

துரை: ...நான்தான்டா. ஈஸ்டர் அன்னிக்கி, இவங்கல்லாம் சர்ச்சுக்குப் போன அப்பால, அவரு கூட்டாந்து 'பொண்ணு படிக்குதா, இன்னா பண்ணுதுன்னு பாக்கணும், போட்டுக் குடு'ன்னாரு... போட்டுக் குட்தேன்... எவனுக்கு எய்துதுன்னு நான் கேக்கலடா, தீனா.